எனிமி அட் தி கேட்ஸ் - ஒண்டிக்கு ஒண்டி வாடா!

ஹாலிவுட் போர்ப் படங்களில் எது பிடிக்கும் என்று காலேஜ் பசங்களைக் கேட்டால் முதலில் 'சேவிங் பிரைவேட் ரயன்' வரும். அடுத்தது பெரும்பாலும் 'எனிமி அட் தி கேட்ஸ்'. 2001இல் வந்த படம். தியேட்டரில் பார்த்தவர்கள் கம்மி. கேபிளில் பாதியிலிருந்து பார்த்தவர்கள், சிடி வாங்கிப் பார்த்தவர்கள், ஹாஸ்டலில் பென் டிரைவில் ஏற்றிப் பார்த்தவர்கள் என்று ஒவ்வொரு செட்டும் ஒவ்வொரு வழியில் பார்த்திருக்கிறது. பார்த்தவர்கள் சொல்வது மட்டும் ஒன்றுதான்... "செம படம்டா, கடைசில அந்த ஜெர்மன்காரன் தொப்பியைக் கழட்டுவான் பாரு!"

செம சீன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அப்படி ஒரு ஜெர்மன்காரர் இருந்தாரா என்று கேட்க ஆரம்பித்தால் படம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். (இனிமேல் கதை முழுக்க வெளியே வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

1942ஆம் வருடம். ஹிட்லரின் படை வோல்கா நதிக்கரையில் இருக்கும் ஸ்டாலின்கிராடை நெருக்குகிறது. ஒரு பக்கம் ஜெர்மன் டாங்கிகள், மறு பக்கம் அகலமான ஆறு, நடுவில் இடிந்த நகரம். அங்கே வந்து சேர்கிறான் யூரல் மலைப் பக்கத்து இடையன் வீட்டுப் பையன் வாசிலி சைத்சேவ் (ஜூட் லா). தாத்தாவிடம் ஓநாய் சுடக் கற்றவன். பிணங்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு ஐந்து ஜெர்மானியர்களை ஐந்தே குண்டில் சாய்க்கிறான். பக்கத்தில் படுத்திருக்கும் அரசியல் அதிகாரி டானிலோவ் அதைப் பத்திரிகையில் எழுதுகிறான். நாடு முழுக்க பெயர் பரவுகிறது. அவனை ஒழித்துக்கட்ட பெர்லினிலிருந்து மேஜர் கோனிக் (எட் ஹாரிஸ்) வருகிறார். அதற்கப்புறம் ஒண்டிக்கு ஒண்டி!

தமிழ் ரசிகனுக்கு இந்தப் படம் ஏன் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. எம்.ஜி.ஆர் - நம்பியார் காலத்திலிருந்து பார்த்துப் பழகிய கணக்கு இது. ஊரே கஷ்டப்படும். ஊர்க் கஷ்டம் எல்லாம் ஒரு வில்லன் உருவத்தில் வந்து நிற்கும். ஏழைப் பையன் அவனை அடிப்பான், படம் முடியும். இங்கே ஏழைப் பையன் கையில் பழைய மோசின் நாகன்ட் துப்பாக்கி, வில்லன் கையில் ஸ்டைலாக ஒரு சிகரெட். நடுவில் ஒரு ஹீரோயின், அவளுக்கு இரண்டு பேர் போட்டி. எழுதியவர்களும் எடுத்த ழான் ழாக் அன்னாவும் பிரெஞ்சுக்காரர்கள் என்றாலும் திரைக்கதை ஏறக்குறைய கோடம்பாக்கம்தான்.

இத்தனைக்கும் படத்தின் முதல் பாதி ரொம்ப புத்திசாலித்தனமானது. வோல்காவை படகில் கடக்கும் காட்சி ஒன்று போதும். மேலே விமானம் குண்டு போடுகிறது, குதித்துத் தப்பப் பார்ப்பவனை சொந்த அதிகாரியே சுடுகிறான். கரையில் இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கி. முன்னே ஓடுகிறவன் செத்தால் பின்னால் வருகிறவன் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்வாங்கினால் சொந்தப் படையின் இயந்திரத் துப்பாக்கியே சுடுகிறது. 1942 ஜூலை 28இல் ஸ்டாலின் போட்ட 227ஆம் எண் ஆணை, 'ஓரடி கூட பின்வாங்காதே' என்று சொல்லப்படும் ஆணை, நிஜம். பின்வாங்குவோரைத் தடுக்க தனிப் பிரிவுகள் இருந்ததும் நிஜம். ஆனால் படத்தில் வருகிற மாதிரி வெறுங்கையோடு கும்பல் கும்பலாக ஓடவிட்டுச் சுட்டார்கள் என்பது மிகை என்று சரித்திர ஆசிரியர்களே சொல்கிறார்கள். ரஷ்யாவில் ஸ்டாலின்கிராட் போரில் பங்கெடுத்த முதியவர்கள் இந்தப் படத்தின் மேல் கோபப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் பாதியின் நிஜமான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. டானிலோவின் அச்சு இயந்திரம்! மிரட்டிப் பார்த்து ஓய்ந்துபோன தலைமைக்கு டானிலோவ் கொடுக்கும் யோசனை, ஜனங்களுக்கு நம்பிக்கை கொடுங்கள், ஒரு ஹீரோவைக் காட்டுங்கள் என்பதுதான். குருஷேவ் (பாப் ஹாஸ்கின்ஸ்) சம்மதிக்கிறார். சைத்சேவ் ஓர் ஆள் என்பதிலிருந்து ஒரு போஸ்டராக மாறுகிறான். மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் எழுத்துப்பிழை இல்லாமல் எழுத டானிலோவ் உதவ வேண்டியிருக்கிறது. ரசிகர் மன்றம், கட் அவுட், பி.ஆர்.ஓ எல்லாம் பார்த்து வளர்ந்த ஊரில் இந்தக் காட்சிகளை விளக்கிச் சொல்லவே வேண்டாம். ஹீரோ என்பவன் எப்படித் தயாரிக்கப்படுகிறான் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய போர்ப் படம் அதிகம் இல்லை.

கோளாறு இதற்கப்புறம்தான். ஹீரோவைப் பத்திரிகை தயாரித்தது என்று நம்மிடம் சொல்லிவிட்டு, அதே பத்திரிகை சொன்ன கதையைத்தான் படம் கடைசி வரை நிஜம் என்று விற்கிறது. இது எப்படி இருக்கிறதென்றால், மேஜிக் செய்கிறவன் முதலில் சட்டைக் கைக்குள் இருக்கும் சீட்டை நமக்குக் காட்டிவிட்டு, அப்புறம் அதே சீட்டை எடுத்து "பாருங்க மாயம்!" என்கிற மாதிரி.

கோனிக் விஷயத்துக்கு வருவோம். சைத்சேவ் தன் நினைவுக் குறிப்பில் அந்த மோதலை எழுதியிருக்கிறார். பெர்லினிலிருந்து ஒரு ஸ்னைப்பர் பள்ளித் தலைவர் வந்திருப்பதாக ஜெர்மன் கைதி ஒருவன் மூலம் தெரிகிறது. நாள் கணக்கில் தேடுகிறார்கள். ஒரு பலகையில் கையுறையை மாட்டித் தூக்கிக் காட்ட, குண்டு பாய்கிறது. அடுத்த நாள் கூட்டாளி குலிகோவ் ஒரு ஹெல்மெட்டை மெல்ல உயர்த்துகிறான், குண்டு பட்டதும் செத்தவன் மாதிரி கத்துகிறான். இரும்புத் தகடு ஒன்றின் அடியிலிருந்து ஜெர்மானியன் தலையை லேசாக நீட்டுகிறான். அவ்வளவுதான். படிக்கவே மயிர்க்கூச்செறியும் கதை.

ஆனால் ஜெர்மன் பதிவுகளில் இப்படி ஒரு மேஜர் இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆளுக்குப் பெயரே ஒன்று இல்லை. ஒரு இடத்தில் கோனிக், இன்னொரு இடத்தில் ஹைன்ஸ் தோர்வால்ட்! 1998இல் 'ஸ்டாலின்கிராட்' என்ற புகழ்பெற்ற புத்தகத்தை எழுதிய ஆன்டனி பீவர், சோவியத் ஆவணங்களைத் தோண்டிவிட்டு இந்த மோதலை நம்ப முடியாது என்கிறார். ஸ்னைப்பர்களின் ஒவ்வொரு சாதனையையும் ஆர்வமாக மாஸ்கோவுக்கு எழுதி அனுப்பிய அறிக்கைகளில் இவ்வளவு பெரிய விஷயம் மட்டும் காணோம் என்றால் சந்தேகம் வராதா? சரித்திரப் புத்தகத்தின் பெயரைத் தாங்கி வந்த படம் இது. 1973இல் வில்லியம் கிரெய்க் எழுதிய புத்தகத்தின் தலைப்பு அது. அந்தப் புத்தகத்தில் இந்த மோதல் ஒரு சின்னப் பகுதி. படத்திலோ மற்றதெல்லாம் சின்னப் பகுதி.

டானிலோவுக்கும் இதே கதிதான். சைத்சேவ் எழுதியபடி பார்த்தால் அந்த அதிகாரி எதிரி இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்று ஆர்வத்தில் எழுந்து குண்டடி பட்டுக் காயமடைந்தார். படத்திலோ காதல் தோல்வி, குற்ற உணர்ச்சி எல்லாம் சேர்ந்து அவனே தலையைத் தூக்கி உயிரை விடுகிறான். ஸாஷா ஃபிலிப்போவ் என்ற பையனும் நிஜமாக இருந்தவன். 17 வயது. ஜெர்மானியர்கள் அவனை 1942 டிசம்பரில் தூக்கில் போட்டார்கள். அவனுக்கு அந்த ஊரில் சிலை இருக்கிறது. படம் அவனைச் சின்னப் பையனாக்கி, கோனிக்கின் பூட்ஸைத் துடைக்க வைத்து, அந்தக் கோனிக் கையாலேயே தூக்கிலும் போடுகிறது. நிஜமாகச் செத்த ஒரு பையனின் சாவை, இருந்தாரா என்றே தெரியாத ஒருவரின் கணக்கில் எழுதுவது கொஞ்சம் அதிகம்தான்.

"படம்தானே, டாக்குமெண்டரியா எடுத்தார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கற்பனை சேர்ப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எதைத் தூக்கிவிட்டு எதைச் சேர்த்தார்கள் என்பதுதான் விஷயம். தூக்கியது எல்லாம் நிறைய பேர் சேர்ந்து செய்த காரியங்கள். சேர்த்தது எல்லாம் இரண்டு பேருக்கு நடுவே நடப்பது.

ஒரே ஒரு உதாரணம். 1942 ஆகஸ்ட் 23. அன்று மதியம் ஜெர்மன் டாங்கிகள் நகரத்தின் வடக்குப் பக்கம் வந்துவிட்டன. தடுக்க அங்கே இருந்தது 1077ஆவது விமான எதிர்ப்புப் படைப்பிரிவு. பெரும்பாலும் இளம் பெண்கள். சிலர் அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்தவர்கள், அதாவது பிளஸ் டூ முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வயசு. விமானத்தைச் சுட வைத்திருந்த பீரங்கியின் வாயைத் தாழ்த்தி டாங்கிகளைச் சுட்டார்கள். 37 பீரங்கி நிலைகளும் ஒவ்வொன்றாக அழியும் வரை சண்டை ஓயவில்லை. தாங்கள் மோதிக்கொண்டிருந்தது பெண்களோடு என்று ஜெர்மானியர்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. பக்கத்திலேயே டிராக்டர் தொழிற்சாலை. டாங்கி தயாரித்துக்கொண்டிருந்த தொழிலாளர்களும் அன்று ஆயுதம் எடுத்தார்கள். இதில் ஒரு ஃபிரேம் கூடப் படத்தில் கிடையாது!

தமிழில் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. விமான எதிர்ப்புப் படைப் பெண்களை வைத்து போரிஸ் வசீலியெவ் எழுதிய நாவல் 'அதிகாலையின் அமைதியில்' என்ற பெயரில் தமிழில் வந்து பல வீட்டு அலமாரிகளில் இருந்தது. 1972இல் ரஷ்யாவில் படமானது. அதன் சாயலில்தான் எஸ்.பி.ஜனநாதன் 2009இல் 'பேராண்மை' எடுத்தார். ஐந்து பெண்கள், காட்டுக்குள் ஊடுருவும் கூலிப்படை, அவர்களோடு ஒரு வன அதிகாரி. தொழில்நுட்பத்தில் ஹாலிவுட் பக்கத்தில் நிற்க முடியாது, முதல் பாதிக் காமெடியும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். ஆனாலும் செத்துப்போகிற பெண்களுக்கு அந்தப் படத்தில் ஆளுக்கொரு முகம் இருக்கிறது. 'எனிமி அட் தி கேட்ஸ்' படத்தில் சைத்சேவைச் சுற்றிச் சாகிறவர்கள், கோனிக் எவ்வளவு கெட்டிக்காரர் என்று காட்டுவதற்காகவே சாகிறார்கள்.

சுய்கோவ் என்று ஒரு தளபதி. அந்த நகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த 62ஆவது படையின் தலைவர். படத்தில் அவர் ஒரு பாத்திரமாகவே இல்லை. அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. 1942 நவம்பர் 19, 20 தேதிகளில் சோவியத் படைகள் நகரத்துக்கு வெளியே, வடக்கிலும் தெற்கிலும் இருந்து பாய்ந்தன. நவம்பர் 23இல் வளையம் மூடிக்கொண்டது. முற்றுகையிட்டவன் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டான். 1943 பிப்ரவரி 2இல் எல்லாம் முடிந்தபோது சுமார் 91,000 பேர் கைதானார்கள். அவர்களில் ஐந்தாறாயிரம் பேர்தான் பின்னால் உயிரோடு வீடு திரும்பினார்கள். நகரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும், ஒவ்வொரு மாடிப்படிக்கும் அடித்துக்கொண்டதன் அர்த்தமே இந்த வளையம் மூடும் வரை தாக்குப்பிடிப்பதுதான். படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவன் மனதில் இது எதுவும் நிற்காது. கோனிக் செத்தார், போர் முடிந்தது, ஆஸ்பத்திரியில் காதலி கிடைத்தாள். சுபம்.

ஸ்னைப்பர் கதை மட்டும்தான் வேண்டும் என்றாலும் படம் எடுக்க விஷயத்துக்குப் பஞ்சமில்லை. செவஸ்தபோல் முற்றுகையில் சண்டையிட்ட லுட்மிலா பாவ்லிசென்கோ கீவ் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்த மாணவி. அவர் பெயரில் 309 என்று கணக்கு. ஸ்டாலின்கிராடிலேயே செகோவ் என்று ஓர் இளைஞன் இருந்தான். எழுத்தாளர் வாசிலி கிராஸ்மன் அவனோடு இருந்து பார்த்து எழுதினார். ஓர் எழுத்தாளர், சுடுவதையே வேலையாகச் செய்யும் ஒரு பையன்... டானிலோவ் - சைத்சேவ் கதையைவிட இது நல்ல கதை இல்லையா?

இந்த எண்ணிக்கைகளுக்கும் ஒரு பின்னணி உண்டு. யார் எத்தனை பேரைச் சுட்டார்கள் என்று பத்திரிகைகளில் பட்டியல் போட்டார்கள். தொழிற்சாலையில் இலக்கைத் தாண்டி உற்பத்தி செய்கிறவனைப் பாராட்டுகிற அதே பாணி. சைத்சேவின் கணக்கு நவம்பர் 10 முதல் டிசம்பர் 17 வரை 225. மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிற சோமனூர்க்காரர்களுக்கு இந்த எண்ணிப்பார்க்கும் முறை சட்டென்று புரியும். புரிந்தபின் கொஞ்சம் குமட்டவும் செய்யும்.

சோமனூர் பேச்சு வந்துவிட்டதால் ஒரு விஷயம். அங்கிருந்து கருமத்தம்பட்டி வந்து அவிநாசி ரோட்டில் கோயம்புத்தூர் போனால் வழியில் சின்னியம்பாளையம். 1946 ஜனவரி 8இல் கோவை சிறையில் தூக்கிலிடப்பட்ட நான்கு ஆலைத் தொழிலாளிகளின் ஊர். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். எப்போது சொன்னாலும் நாலு பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அதில் யார் ஹீரோ என்று யாரும் கேட்டதில்லை. இன்னும் கிட்டத்தில் வேண்டுமானால் 2022இலும் 2025இலும் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் வாரக்கணக்கில் விசைத்தறிகள் நின்றதைச் சொல்லலாம். 2025 மார்ச்சில் தொடங்கியது ஏப்ரலில் உண்ணாவிரதம் வரை போனது. விடிய விடிய சடசடவென்று ஓடும் தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய ஊரில் சத்தம் நின்றால் அதுதான் பெரிய செய்தி. போரும் கூலிப் பிரச்சினையும் ஒன்றில்லைதான். ஆனால் ஒண்டிக்கு ஒண்டி நின்று தீர்க்க முடியாத சண்டை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துப் பசங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் சினிமாவில் பார்க்கும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது?

படத்தைத் திட்டுவது நோக்கமில்லை. ஸ்னைப்பரின் வேலையில் முக்கால்வாசி காத்திருப்பது என்பதை இந்தப் படம் காட்டுகிற மாதிரி வேறு படம் காட்டியது குறைவு. ஒரு குழாய்க்குப் பின்னால், ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு நிமிடக் கணக்கில் அசையாமல் கிடக்கிறார்கள். ஜேம்ஸ் ஹார்னர் இசையே ஒதுங்கி நின்று வழிவிடும் இடங்கள் உண்டு. எட் ஹாரிஸ் அதிகம் பேசாமலே பயமுறுத்துகிறார். ரஷ்யர்கள் எல்லோரும் லண்டன் இங்கிலீஷ் பேசுவதை மட்டும் சகித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் படம் கைவிட்ட ஆள் ஒருவர் இருக்கிறார். நிஜ சைத்சேவ்!

அவர் எழுத்துக் கூட்டித் தடுமாறுகிற இடையன் இல்லை. போருக்கு முன் விளாடிவாஸ்தோக்கில் பசிபிக் கடற்படையில் கிளார்க் வேலை பார்த்தவர். கணக்கு எழுதிய கை. அங்கிருந்து தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போர்முனைக்கு வந்தவர். ஸ்டாலின்கிராடில் அவர் செய்த பெரிய காரியம் தனியாகச் சுட்டது இல்லை, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. இடிந்த தொழிற்சாலைக்குள் ஸ்னைப்பர் வகுப்பு நடத்தினார். சைத்சேவ் என்ற பெயர் ரஷ்ய மொழியில் முயல் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதனால் அவருடைய சிஷ்யர்களுக்கு முயல்குட்டிகள் என்று பட்டப்பெயர். இரண்டிரண்டு பேராக, ஒருவர் பார்க்க ஒருவர் சுட வேலை செய்தார்கள். படத்தில் இந்த வகுப்பறை கண்ணில் பட்டு மறைவதோடு சரி.

1943 ஜனவரியில் குண்டு வெடித்து அவர் கண்கள் பாதிக்கப்பட்டன. கண் மருத்துவத்தில் பெரிய பெயரான ஃபிலாத்தோவிடம் சிகிச்சை நடந்து பார்வை திரும்பியது. பிப்ரவரி 22இல் சோவியத் யூனியனின் வீரர் பட்டம் கொடுத்தார்கள். போர் முடிந்தபின் கீவ் நகரத்தில் குடியேறினார். அங்கே என்ன படித்தார் தெரியுமா? ஜவுளித் தொழில்! படித்து இன்ஜினியர் ஆனார், பிறகு கீவில் ஒரு ஜவுளி ஆலைக்கே இயக்குநரானார். உலகத்திலேயே பேர் பெற்ற ஸ்னைப்பர் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தது நூலோடும் துணியோடும், ஷிப்ட் கணக்கோடும்தான். தூரத்திலிருந்து தலையைப் பார்த்துச் சுட்ட மனுஷன் பிறகு அத்தனை வருஷம் தொழிலாளிகளுக்கு நடுவே எப்படி இருந்திருப்பார்? இதை ஒரு சோமனூர்க்காரன் படமாக எடுத்தால் ஹாலிவுட்டைவிட நன்றாக எடுப்பான்.

அவர் இறந்தது 1991 டிசம்பர் 15இல். 76 வயது. அதற்குப் பதினோராவது நாள் சோவியத் யூனியன் என்ற நாடே முடிவுக்கு வந்தது. ஸ்டாலின்கிராட் என்ற பெயர் அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1961இல் போய்விட்டது. இப்போது அது வோல்கோகிராட். (அந்தப் போர் நினைவாக பல ஊர்களில் பெயர் வைத்தார்கள், தமிழ்நாட்டில் ஸ்டாலின் என்று பிள்ளைகளுக்கே பெயர் வைத்தார்கள் என்பது தனிக் கதை.)

ஸ்டாலின்கிராடிலேயே புதைக்கப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. கீவில்தான் அடக்கம் செய்தார்கள். படம் வந்து ஐந்து வருஷம் கழித்து, 2006 ஜனவரி 31இல், ராணுவ மரியாதையோடு அவர் உடலை வோல்கோகிராடுக்குக் கொண்டுபோய் மமாயெவ் குன்றில் புதைத்தார்கள். சுய்கோவும் அதே குன்றில்தான் இருக்கிறார். சுற்றிலும் அந்தச் சண்டையில் செத்த ஆயிரக்கணக்கான சிப்பாய்கள். சைத்சேவின் துப்பாக்கி அந்த ஊர் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.